ஏற்றத்துக்கு எந்த பிரேம்?

மலை ஏறுவதற்கென்று ரோடு பைக் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "பிரேம் எத்தனை கிராம்?" முதலில் பார்க்க வேண்டியது ஜியாமெட்ரி அட்டவணை என்பேன். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1 கிலோ குறைத்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் முக்கால் நிமிடம் மிச்சமாகும். இடுப்பு பிடித்துக்கொண்டு பாதி மலையில் இறங்கி நின்றால் அதைவிடப் பல மடங்கு போய்விடும்.

அட்டவணையில் ஸ்டாக், ரீச் என்று இரண்டு அளவுகள் இருக்கும். பெடல்களைச் சுழற்றும் கிராங்க் அச்சின் மையத்திலிருந்து ஹெட் டியூப் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். 56 சைஸ் பந்தய பிரேமில் ஸ்டாக் சுமார் 560 மி.மீ. இருக்கும். நெடுந்தூரம் ஓட்டுவதற்கான எண்டூரன்ஸ் பிரேமில் 590 அல்லது அதற்கு மேல். பந்தய பிரேம் உடம்பைக் குனிய வைப்பது காற்றைக் கிழிக்க. ஆனால் 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போகிறவருக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை. அதே 80 கிலோவை மேலே தூக்க ஏறத்தாழ 175 வாட் வேண்டும். காற்றுக்குச் செலவாவது 5 வாட் அளவுதான். அந்த ஐந்துக்காக வயிற்றை மடக்கி மூச்சை அடைத்துக்கொள்வது வீண். உடம்பு நன்றாக வளைகிறவர், சமவெளியிலும் பந்தயம் ஓடுகிறவர் தாழ்ந்த பிரேமையே எடுக்கலாம். மற்றவர்களுக்கு ஸ்டாக் கூடியதுதான் நல்லது.

அதற்காக ஹாண்டில்பாரை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்திக்கொண்டே போக முடியாது. ஏற்றத்தில் சைக்கிள் முழுவதுமே பின்பக்கம் சாய்கிறது. 8 சதவீதம் என்றால் நான்கரை டிகிரி. தரையில் 73.5 டிகிரியில் நிற்கும் சீட் டியூப், மலையில் 69 டிகிரிக்குப் படுத்துவிடுகிறது. செங்குத்தான இடத்தில் எல்லோரும் தம்மையறியாமல் சீட்டின் முனைக்கு நகர்வது இதனால்தான். எடையும் பின்னே போகிறது: எடை மையம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், 10 சதவீத ஏற்றத்தில் அது 10 செ.மீ. பின்வாங்குகிறது. இரு சக்கர அச்சுகளுக்கும் இடையிலான தூரமான வீல்பேஸே ஏறக்குறைய 1 மீட்டர்தான். ஆக மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு மாறிவிடுகிறது. நடை வேகத்தில் முன்சக்கரம் இடமும் வலமும் அலையத் தொடங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் உள்விளிம்பு ஓரமாக ஏறிப் பார்த்தால் இது கைக்குத் தெரியும். வளைவில் செங்குத்து அதிகம் அங்கேதான். ஆகவே மிக உயர்ந்த முன்பகுதியும் மிகக் குட்டையான செயின்ஸ்டேயும் (கிராங்க் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரையுள்ள குழாய்) ஒரே பிரேமில் சேர வேண்டாம். செயின்ஸ்டே 410 முதல் 420 மி.மீ., சீட் டியூப் 73.5 அல்லது 74 டிகிரி என்பது என் தேர்வு.

ஏறியவர் இறங்கவும் வேண்டும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் கல்லட்டி சாலையில், துடுக்காகத் திரும்பும் பந்தய பிரேமைவிட 1,000 மி.மீ.க்குச் சற்று மேற்பட்ட வீல்பேஸ் உள்ள பிரேம் பதற்றமில்லாமல் போகும். 32 மி.மீ. டயர் நுழைய இடமிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கியரைப் பற்றி ஒரு வரி: முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இல்லாமல் நம் மலைகளுக்குப் போகாதீர்கள்.

இரண்டு பிரேம்களின் ரீச்சை ஒப்பிடும்போது பலர் ஏமாறுகிறார்கள். ஹெட் டியூப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், ஸ்பேசர் வளையம் போட்டு ஹாண்டில்பாரை 10 மி.மீ. உயர்த்தினால் ரீச் 3 மி.மீ. குறையும். ஸ்டாக் 560, ரீச் 390 உள்ள பிரேமை 590 உயரத்துக்குக் கொண்டுவந்தால் அதன் ரீச் 381 ஆகிவிடும். 590 ஸ்டாக்கும் 381 ரீச்சும் உள்ள பிரேமும் அதுவும் உங்கள் கைக்கு ஒன்றே. 3 செ.மீ. ஸ்பேசர் அடுக்கியும் இன்னும் குனிய வேண்டியிருந்தால், வேறு ஸ்டெம் தேடுவதை விட்டு ஸ்டாக் கூடிய பிரேமைத் தேடுங்கள். ஓட்டிப் பார்க்கக் கடைக்காரர் அனுமதித்தால், சமதளத்தில் வட்டமடிக்காமல் பக்கத்து மேம்பாலத்தில் உட்கார்ந்தபடியே மெதுவாக ஏறிப் பாருங்கள்.