‘தைலம்தானே’ என்று தேய்க்கும் முன்...

திருப்பூர் காங்கேயம் ரோட்டில் இருக்கிற நல்லூர் பக்கம் எந்த லைன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும், சாமி படத்துக்குப் பக்கத்திலோ டி.வி. ஸ்டாண்டு மேலோ ஒரு தைல டப்பா இருக்கும். ஓவர்லாக் மெஷினில் நாள் முழுக்கக் குனிந்து தைக்கிறவருக்குக் கழுத்துப் பிடிப்பு. செக்கிங் டேபிளில் நின்றபடியே துணி பார்க்கிறவருக்குக் கணுக்கால் வலி. பஞ்சுத் தூசியில் வேலை செய்கிறவருக்கு மூக்கடைப்பு. ஷிப்மென்ட் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிற எல்லோருக்கும் தலைவலி. அத்தனைக்கும் ஒரே பதில், ‘கொஞ்சம் தைலம் தேய்ச்சுக்கங்க, சரியாப் போயிரும்.’

பல நேரம் சரியாகத்தான் போகிறது. ஆனால், டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைப்பதாலேயே தைலத்தை நாம் மருந்தாக நினைப்பதில்லை. அதுவும் மருந்துதான். யாருக்கு, எங்கே, எவ்வளவு என்ற மூன்றையும் கவனித்தால் மட்டுமே அது பாதுகாப்பானது.

அந்தக் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது?

நம் ஊரில் தைலம் என்றாலே நினைவுக்கு வரும் பெயர் அமிர்தாஞ்சன். விடுதலைப் போராட்ட வீரரும் பத்திரிகையாளருமான காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் அதைத் தொடங்கினார். பிறகு தொழில் சென்னைக்கு வந்தது. விக்ஸ் அமெரிக்காவில் பிறந்தது. கோடாலி தைலம் சிங்கப்பூரிலிருந்து வந்தது. பெயர்கள் வேறு என்றாலும் உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒரே குடும்பம்: மென்தால், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய். பலவற்றில் மீத்தைல் சாலிசிலேட்டும் சேர்ந்திருக்கும்.

புதினா வகைச் செடியிலிருந்து எடுக்கப்படும் மென்தால், தோலை உண்மையில் குளிர வைப்பதில்லை. நம் நரம்பு நுனிகளில் குளிரை உணர்வதற்கென்றே ஓர் உணர்வி இருக்கிறது. மென்தால் அதைத் தட்டி எழுப்பி, ‘குளிர்கிறது’ என்ற செய்தியை மூளைக்கு அனுப்ப வைக்கிறது. 2002-ல் அந்த உணர்வியைக் கண்டறிய விஞ்ஞானிகள் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் பயன்படுத்தியது இதே மென்தாலைத்தான். இருவருக்கும் 2021-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மூக்கடைப்பிலும் இதே கதைதான். தைலத்தை முகர்ந்ததும் மூக்கு திறந்துகொண்டதுபோல இருக்கும். ஆனால், உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும். காற்று நன்றாகப் போகிற உணர்வு மட்டும் கிடைக்கிறது. அந்த ஆறுதலும் தேவைதான். அதற்காகச் சளி குணமாகிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

லேபிளைப் படிக்கலாம் வாங்க

நம் ஊர்த் தைலங்கள் பல ஆயுர்வேத மருந்து என்ற உரிமத்தில் விற்கப்படுவதால், லேபிளில் பெயர்கள் வேறு மாதிரி இருக்கும். ‘புதினா சத்து’, ‘புதினா கே பூல்’ என்றால் மென்தால். ‘கர்பூர்’ என்றால் கற்பூரம். ‘நீலகிரி தைலம்’ என்றால் யூகலிப்டஸ். ‘கந்தபூரா தைலம்’ என்றால் மீத்தைல் சாலிசிலேட் நிறைந்த எண்ணெய்.

இந்தக் கடைசிப் பெயரை மட்டும் மறக்காதீர்கள். இது ஆஸ்பிரின் மாத்திரையின் உறவுக்கார மருந்து. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்தத் தைலங்களைத் தேய்க்கக் கூடாது. தோல் வழியாக உள்ளே போய் ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டிவிடும். வீட்டில் இதய நோய்க்கு மருந்து சாப்பிடும் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

எதற்கு உதவும்?

வேலைக் களைப்பில் நெற்றியை இறுக்கிப் பிடிக்கிற தலைவலிக்கு உதவும். ஜெர்மனியில் 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், 41 பேருக்கு நெற்றியில் தடவிய 10 சதவிகிதப் புதினா எண்ணெய், பாராசிட்டமால் மாத்திரைக்கு இணையாக வலியைக் குறைத்தது. நெற்றிப்பொட்டில் பட்டாணி அளவு போதும். கண்ணிலிருந்து தள்ளியே தடவுங்கள்.

கழுத்து, தோள், இடுப்புப் பிடிப்புக்கு மெல்லிய பூச்சாக, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் வேண்டாம். வெட்டுக்காயம், சிரங்கு, தீப்புண், சொறிந்து புண்ணான இடம் எதிலும் படக் கூடாது. மூக்குத் துவாரத்துக்குள்ளும் தடவக் கூடாது. தேய்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவாத கையால் கண்ணைக் கசக்கிவிட்டால், ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கண்ணைக் கழுவ வேண்டும். எரிச்சல் தொடர்ந்தால் கண் டாக்டரிடம் போக வேண்டும்.

ஆவி பிடிப்பவர்கள், அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் தைலத்தைப் போடாதீர்கள். தெறித்து முகம் வெந்துவிடும். பாத்திரத்தை இறக்கி, ஆட்டம் இல்லாத இடத்தில் வைத்த பிறகுதான் மற்றதெல்லாம். குழந்தைகளுக்கு இந்த முறையே வேண்டாம்.

தேய்த்துவிட்டு அயர்னிங் டேபிளுக்கா?

பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 2012 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மூட்டு, தசை வலிக்குக் கடையில் வாங்கித் தேய்க்கும் மருந்துகளால் தோல் வெந்துபோன 43 சம்பவங்கள் பதிவாகியிருந்தன. பலருக்கு ஒரே ஒரு முறை தேய்த்ததிலேயே, 24 மணி நேரத்துக்குள் கொப்புளம் வந்திருக்கிறது. மென்தால் 3 சதவிகிதத்துக்கு மேலும், மீத்தைல் சாலிசிலேட் 10 சதவிகிதத்துக்கு மேலும் உள்ள தைலங்களே பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

அதனால், தைலம் தேய்த்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம், ஹீட்டிங் பேட் வேண்டாம். அதன்மேல் இறுக்கமாகத் துணி சுற்றவோ இடுப்பு பெல்ட் போடவோ வேண்டாம். ஸ்டீம் அயர்ன் முன்னால் நிற்பவர்கள், வேலைக்கு முன் தேய்க்காமல் வீட்டுக்கு வந்து குளித்து, உடம்பு ஆறிய பிறகு தேய்ப்பது நல்லது. ‘எரிஞ்சாத்தான் வலி போகும்’ என்று பொறுத்துக்கொள்ளவே கூடாது. அளவுக்கு மீறி எரிந்தால், உடனே துடைத்துவிட்டுச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

குழந்தை இருக்கும் வீட்டில்

அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போய், பாட்டியிடமோ பெரிய பிள்ளையிடமோ குழந்தை வளரும் வீடுகள் இங்கே நிறைய. பாட்டிமார் பாசத்தோடு செய்கிற ஒன்று, சளி பிடித்த குழந்தையின் மூக்குக்குக் கீழே தைலம் தடவுவது. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு மென்தால், கற்பூரத் தைலங்களே வேண்டாம். ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றுக்கு மூக்கின் கீழ் தடவியதும் மூச்சுத் திணறல் வந்ததை, அமெரிக்க மருத்துவர்கள் 2009-ல் பதிவு செய்திருக்கிறார்கள்.

இரண்டு வயதுக்கு மேல் நெஞ்சிலும் கழுத்திலும் லேசாகத் தடவலாம். 2 முதல் 11 வயது வரையுள்ள 138 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வொன்றில் (2010), தைலம் தடவியவர்கள் இரவில் இருமல் குறைந்து நன்றாகத் தூங்கினார்கள். சிலருக்குத் தோல் எரிச்சலும் இருந்தது. தைலம் எந்த வயதினருக்கு என்று லேபிளில் பார்த்துவிட்டே தடவுங்கள். வலிப்பு, ஆஸ்துமா உள்ள குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

தடவுவதைவிடப் பெரிய ஆபத்து விழுங்குவது. ஒரு தைலத்தில் 5 சதவிகிதம் கற்பூரம் என்று வைத்துக்கொள்வோம். 10 கிராம் டப்பாவில் அரை கிராம் கற்பூரம் இருக்கிறது. சிறு குழந்தைக்கு உயிராபத்தாக அந்த அளவே போதும். கந்தபூரா எண்ணெய் இன்னும் மோசம். கலப்பில்லாத எண்ணெய் ஒரு டீஸ்பூன், இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். தண்ணீராக இருக்கும் தைலங்களைக் குழந்தை ஒரே மடக்கில் குடித்துவிடும் என்பதால் கூடுதல் கவனம் தேவை. டப்பாவை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, உயரமான அலமாரிக்குள் பூட்டி வையுங்கள்.

விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். கற்பூரம் சில நிமிடங்களிலேயே வலிப்பை உண்டாக்கலாம். ‘பார்த்துக்கலாம்’ என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். டப்பாவையும் கையோடு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். உள்ளே என்ன இருந்தது என்று டாக்டருக்கு அதுதான் சொல்லும்.

தைலத்தால் தீராத வலிகள்

நெஞ்சில் பாரம், வலது அல்லது இடது கைக்குப் பரவும் வலி, தாடை வலி, திடீர் வியர்வை... இதையெல்லாம் ‘வாயுப் பிடிப்பு’ என்று தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். மாரடைப்பாக இருந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

திடீரென்று மண்டையே பிளக்கிற மாதிரி தலைவலி, கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

இத்தனை அவசரம் இல்லாத, ஆனால் தினமும் வருகிற தலைவலியையும் கவனியுங்கள். கண்ணாடி போட வேண்டியிருக்கலாம். ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். டாய்லெட் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமலே தைத்துக்கொண்டிருக்கலாம். ஒரு வாரத்துக்கு மேல் அதே இடத்தில் வலித்தால் டாக்டரைப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் அதைப் பயன்படுத்துங்கள், அது உங்கள் சம்பளத்திலும் பிடித்த பணம்.

இன்று வீட்டுக்குப் போனதும் அந்த டப்பாவை எடுத்து லேபிளையும் காலாவதித் தேதியையும் ஒரு முறை பாருங்கள். பார்த்துவிட்டு, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.