கடைசியில் காத்திருக்கும் பாதிச் சொல்

நெதர்லாந்தில் வாழும் ஒருவரை மணந்து அங்கே குடியேற விரும்பும் மலேசியருக்குப் பெரும்பாலும் திருமணச் சான்றிதழ் மட்டும் போதாது. விசாவுக்கு முன்பே தூதரகத்தில் டச்சு மொழித் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். 2006ஆம் ஆண்டு முதல் இதுதான் சட்டம். பேசுதல், வாசித்தல், அந்நாட்டுச் சமூகம் பற்றிய அறிவு என மூன்று பகுதிகள் உண்டு.

ஸ்கூடாயில் இருக்கும் என் அண்ணன் மகளுக்கு நிச்சயமாகியிருக்கும் மாப்பிள்ளை, நெதர்லாந்தில் வளர்ந்த ஈழத் தமிழர். காலையில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பேருந்தில் அவள் டச்சு படிக்கிறாள். இரவில் துணைக்கு நானும் உட்காருகிறேன். இரண்டாவது வாரமே, "அத்தை, வினைச்சொல்லில் பாதியைக் காணோம்!" என்றாள்.

அந்தப் பாதி தொலைந்துபோகவில்லை. 'ஸ்டான்' என்றால் நிற்பது. 'ஒப்ஸ்டான்' என்றால் எழுந்திருப்பது. 'ஆறு மணிக்கு எழுகிறேன்' என்பதை 'இக் ஸ்டா ஓம் ஸெஸ் யூர் ஒப்' என்கிறார்கள். 'ஸ்டா' முன்னால் நிற்க, 'ஒப்' கடைசிக்குப் போய்விடுகிறது. அதுவரை காத்திருக்காதவர், ஆறு மணிக்கு யாரோ நிற்பதாக நினைத்துக்கொள்வார்!

இது நமக்கு அந்நியமான பழக்கமா? 'கண்டுபிடி' ஒரே சொல்தான். ஆனாலும், 'சாவியைக் கண்டே பிடிக்க முடியல' என்கிறோம். 'விட்டுக்கொடு' என்பது 'விட்டே கொடுக்க மாட்டான்' ஆகிறது. நாம் நடுவில் ஓர் 'ஏ'யை நுழைக்கிறோம். டச்சுக்காரர்கள் பாதி வாக்கியத்தையே நுழைக்கிறார்கள்.

'எழுந்திருக்க வேண்டும்' என்று சொல்லும்போது இரண்டு பாதிகளும் சேர்ந்து, 'ஒப்ஸ்டான்' என முழுச் சொல்லாகக் கடைசியில் வரும். 'ஏனென்றால்' போன்ற இணைப்புகளுக்குப் பிறகும் வினை கடைசிக்குத்தான் போகும். வினையை இறுதியில் வைத்தே பேசிப் பழகிய தமிழருக்கு இது சுலபம்.

கவனிக்க வேண்டியது அழுத்தம். 'ஃபோர்கோமன்' என்பதில் 'ஃபோர்' அழுந்தினால் 'நிகழ்வது' என்று பொருள், சொல் பிரியும். 'கோ' அழுந்தினால் 'தடுப்பது' என்று பொருள், பிரியாது. எழுத்து ஒன்றுதான், பொருளோ ஏறக்குறைய எதிர்!

டச்சு நமக்கு முற்றிலும் புதிதுமல்ல. 1641இல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்தபோது துணை நின்றது ஜொகூர்தான். மலாயில் 'டூயிட்', 'லாச்சி', தமிழில் 'துட்டு', மாப்பிள்ளை வீட்டார் அலுவலகத்தைச் சொல்லும் 'கந்தோர்' எல்லாம் டச்சு தந்த சொற்கள்.

படிப்பவர்களுக்கு ஒரு யோசனை. புதிய வினையைத் தனியாக எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். பிரிந்து வரும் வாக்கியம் ஒன்று, சேர்ந்து வரும் வாக்கியம் ஒன்று என இரண்டாக எழுதி, உரக்கச் சொல்லிப் பாருங்கள். பேசும்போது கடைசிப் பாதியை விழுங்கிவிடாதீர்கள். கேட்கும்போது, எதிரில் இருப்பவர் முடிக்கும்வரை பொறுத்திருங்கள். புகுந்த வீட்டுக்கும் அது உதவும்.