புதுச்சேரி – பெயரும் பொருளும்

புதுச்சேரி என்பது புதுமை, சேரி என்னும் இரு சொற்கள் புணர்ந்த பெயர். புதிய குடியிருப்பு என்பது பொருள். எனினும் இதனைப் ‘புதுவை’ என்று சொல்லவே நம்முள் பலர் விரும்புகின்றனர். தஞ்சாவூர் தஞ்சை ஆனதுபோல இதுவும் ஒரு மரூஉ, அழகிய வழக்கே. ஆயினும் ‘சேரி’ என்னும் சொல்லைக் கூசி அதனைத் தவிர்ப்பார் உளராயின், அக்கூச்சத்திற்குச் சொல்வரலாற்றில் இடமுண்டா என்று நாம் காண்டல் வேண்டும்.

சேர் என்னும் வினையடியாகப் பிறந்தது சேரி. பலர் சேர்ந்து வாழும் இடம். புறநானூற்றில் பாணர் வாழும் பாண்சேரியைக் காண்கிறோம். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, அந்தணர் சபை ஆண்ட அவ்வூரில் 30 குடும்புகளும் 12 சேரிகளும் இருந்தமையைக் கூறும். அந்தணர் தெருவும் அன்று சேரியே! முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாணசேரி, பறைச்சேரி ஆகியன வருகின்றன. தீண்டாச்சேரி என்னும் கொடிய பெயரும் அங்கேயே வருகிறது. இழிவு அடைமொழியில்தான் இருந்தது, சேரியில் இல்லை. காலப்போக்கில் அடைமொழிகள் உதிர்ந்தன. இழிவு மட்டும் சொல்லிலே தங்கிவிட்டது.

இனி ‘புது’ என்பதன் பழமையை நோக்குவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்கர் ஒருவர் எழுதிய ‘பெரிப்புளூஸ்’ என்னும் கடற்பயண நூல், சோழமண்டலக் கரையில் ‘பொதுகே’ என்னும் துறைமுகத்தைச் சுட்டுகிறது. நகருக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது இத்தாலிய மட்கலத் துண்டுகள் கிடைத்தன. பொதுகே அவ்விடமே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அச்சொல்லில் ‘புது’ ஒலிக்கிறது என்பாரும் உளர்.

பிரெஞ்சுக்காரருக்கு இத்தகைய பெயர் புதிதன்று. தென்பிரான்சில் ரோன் ஆற்றின் ஒரு கரையில் அவிஞோன் நகரும், எதிர்க்கரையில் ‘வில்நெவ்’ என்னும் சிற்றூரும் உள்ளன. ‘வில்’ என்றால் ஊர். ‘நெவ்’ என்றால் புதியது. புதுச்சேரிக்கும் வில்நெவுக்கும் பொருள் ஒன்றே. ‘வில்’ என்பதற்கு மூலமான இலத்தீன் ‘வில்லா’ பண்ணை மனையை மட்டுமே குறித்தது. பிரெஞ்சு மொழியில் அது நகரையே குறிக்குமளவு உயர்ந்தது. நம் சேரியோ எதிர்த்திசையில் நடந்தது.

1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்குப் பிரெஞ்சுக் குடியேற்றத்தை நிலைநிறுத்தினார். ஊர்ப்பெயர் பிரெஞ்சில் ‘பொந்திஷெரி’ ஆயிற்று. ‘புதி’ என்று ஒலிக்குமாறு அவர்கள் எழுத்தில் எழுதினால், நடுவிலுள்ள ‘உ’கர எழுத்து தலைகீழானது போன்ற தோற்றமுடையதே னகர எழுத்து. கையெழுத்துப் படியில் ஒன்றை மற்றொன்றாகப் படித்ததால் இத்திரிபு நேர்ந்தது என்னும் விளக்கம் நமக்கு ஏற்புடையதாகவே தோன்றுகிறது. ஆங்கிலேயர் அதனைத் தம் நாவிற்கேற்பத் திரித்தனர். நாமோ அத்திரிபையே திரும்ப வாங்கிப் ‘பாண்டிச்சேரி’ என்றோம்!

2006 அக்டோபர் 1 முதல் ஒன்றியப் பகுதியின் பெயர் சட்டப்படி புதுச்சேரி ஆயிற்று. பேச்சு வழக்கிலோ ‘பாண்டி’ இன்றும் நீடிக்கிறது. பாண்டியருக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.