நோய்க் காலத்தில் முளைத்த அறிவு மரம்

உங்கள் பிள்ளை ஒரு பாடத்தை மனனமிட்டு வந்து ஒப்புவிக்கும்போது, நடுவிலே மறித்து, "இதற்கும் நீ முதலில் சொன்னதற்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமான பிள்ளைகள் திகைத்துப்போய் முதல் வரியிலிருந்தே மீண்டும் ஆரம்பிப்பார்கள். வரிகள் நெஞ்சில் இருக்கின்றன, தொடர்பு இல்லை. குர்ஆனை மனனமிடுவதை இதோடு சேர்க்க வேண்டாம், அது இபாதத். நான் சொல்வது பாடசாலைப் பாடங்களைப் பற்றி.

இந்தத் தொடர்பைக் கண்ணால் காணும்படி வரைந்து காட்டுவதற்கென்றே கணனி மென்பொருள் ஒன்றைச் செய்து விற்ற சிறியதொரு நிறுவனம் இருந்தது. பெயர் மைண்ட்ஜெட். அது உருவான விதத்தை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

1990களின் நடுப்பகுதி. மைக் ஜெட்டர் என்பவர் மென்பொருள் எழுதுபவர். அவரை இரத்தப் புற்றுநோய் பீடித்தது. எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்தார்கள். நோயாளியின் மச்சையைக் கடும் மருந்துகளால் அழித்துவிட்டுப் புதிய உயிரணுக்களை ஏற்றும் சிகிச்சை அது. அவை உடலில் வேர்பிடிக்கும் வரை நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்திருக்கும். சாதாரணத் தடிமல் கூட ஆபத்தாகிவிடலாம். அந்தச் சிகிச்சையிலிருந்து தேறிவந்த காலத்தில்தான் ஜெட்டர் தமது மென்பொருளை எழுதினார். நம் வீடுகளில் ஒருவர் நோயாளியாகிவிட்டால், "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், படுத்திருங்கள்" என்று அன்பினாலேயே அவரை முடக்கிவிடுகிறோம். இது எல்லா நோயாளிக்கும் நன்மையாகுமா என்பது யோசிக்க வேண்டிய விடயம்.

அவர் தீர்க்க நினைத்தது சிறிய பிரச்சினை. நடுவிலே ஒரு தலைப்பை எழுதி, அதைச் சுற்றிக் கிளைகளாக விடயங்களை வரையும் 'மனவரைபட' முறையை இங்கிலாந்தின் டோனி பூசன் 1970களில் பரப்பியிருந்தார். (மூளையின் ஆற்றல் பற்றிப் பூசன் சொன்ன எல்லாவற்றையும் ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, அது கிடக்கட்டும்.) ஆனால் கடதாசியில் வரைந்த கிளையை இடம் மாற்ற முடியாது. புதிய எண்ணம் வந்தால் முழுவதையும் திரும்ப வரைய வேண்டும். ஜெட்டரின் மென்பொருளில் ஒரு கிளையைப் பிடித்து வேறு கிளையில் ஒட்டிவிடலாம், வேண்டாதபோது மடித்து மறைத்தும் வைக்கலாம். வைத்தியசாலையிலிருந்து வெளிவந்த பின் அதை விற்பனைக்கு விட்டார். நிறுவனத்தை அவரோடு சேர்ந்து தொடங்கியவர் மனைவி பெட்டினா. 'மைண்ட்மேன்' என்றிருந்த பெயர் 1999இல் 'மைண்ட்மெனேஜர்' ஆயிற்று. 2016இல் கனடாவின் கோரல் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.

இதற்கு முன்பே, 1972இல், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்ற பேராசிரியர் வேறொரு வரைபட முறையைக் கண்டிருந்தார். சிறுபிள்ளைகள் விஞ்ஞானத்தை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்பதை அறிவதே அவர் நோக்கம். அவரது முறையில் இரண்டு சொற்களுக்கு இடையே கோடு இழுத்தால் மட்டும் போதாது. அந்தக் கோட்டின் மேல், ஏன் இழுத்தோம் என்றும் எழுத வேண்டும். என் பார்வையில் பிள்ளைகளுக்கு இதுவே சிறந்தது. ஏனெனில், கோட்டின் மேல் எழுதத் தெரியாத பிள்ளைக்குப் பாடம் இன்னும் விளங்கவில்லை.

அரபுக் கல்லூரியில் ஓதியவர்களுக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. நஹ்வு முதற்பாடமே 'கலிமா' என்ற அடிமரத்தை இஸ்ம், ஃபிஃல், ஹர்ஃப் என்று மூன்று கிளைகளாகப் பிரிப்பதுதானே. வமிசாவளியை மரமாக வரையும் 'முஷஜ்ஜர்' முறையும் நம் முன்னோரிடம் இருந்தது.

உங்களுக்கு அவசியமான ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு தாளின் நடுவில் 'வாழ்க்கைத் துணையின் வாரிசுப் பங்கு' என்று எழுதி, மனைவி, கணவன் என இரண்டு கிளை இழுங்கள். ஒவ்வொன்றின் மேலும் 'இறந்தவருக்குப் பிள்ளை உண்டா?' என்று எழுதி மீண்டும் இரண்டாகப் பிரியுங்கள். மனைவிக்குப் பிள்ளை இருந்தால் 1/8, இல்லையேல் 1/4. கணவனுக்குப் பிள்ளை இருந்தால் 1/4, இல்லையேல் 1/2. இரு பக்கமும் பங்கை மாற்றுவது ஒரே கேள்விதான் என்பது பார்த்த மாத்திரத்தில் புரியும். தமக்குரிய பங்கு எவ்வளவு என்று தெரியாமலே கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடும் விதவைச் சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்க வேண்டிய தாள் இது. தாய், தந்தை, மகள் என்று மற்றக் கிளைகளை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

வீட்டில் கணனி இருப்பவர்கள், அமெரிக்காவின் புளோரிடா மாநில ஆய்வு நிலையமொன்று நோவாக்கின் முறைக்கென இலவசமாக வெளியிட்ட 'சீமெப்டூல்ஸ்' மென்பொருளைத் தேடிப் பார்க்கலாம். இல்லாதவர்களுக்குப் பழைய கலண்டர் தாளின் பின்புறமும் ஒரு பென்சிலும் போதும். ஆனால் வரைவது பிள்ளையாக இருக்க வேண்டும். நீங்கள் அழகாக வரைந்து கையில் கொடுத்தால் அதையும் மனனமிட்டுவிடுவான். பிழையான இடத்தில் கோடு இழுத்தால் உடனே அழிக்கச் சொல்லாதீர்கள். "ஏன் மகனே இங்கே இழுத்தீர்கள்?" என்று கேளுங்கள். எந்த இடத்தில் பிழையாக விளங்கியிருக்கிறான் என்பது அந்தப் பதிலில் வெளிவந்துவிடும்.