மண்டை ஓட்டின் வாசல்கள்

மண்டை ஓடு ஒரே எலும்பு அல்ல. 22 எலும்புகளின் கூட்டு. மூளையைச் சூழ்ந்து 8, முகத்தில் 14. கீழ்த்தாடை மட்டுமே அசையும். மற்றவை நெளிநெளியான விளிம்புகளால் ஒன்றோடொன்று இறுகியவை. பிறந்த குழந்தைக்கு அந்த இறுக்கம் இருக்காது; தலை சற்று ஒடுங்கி வெளிவர அந்த நெகிழ்வு வேண்டும். உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதையொட்டி மூடிவிடும்.

ஆனால் மண்டை ஓட்டின் அருமை தெரிய அதைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்க்க வேண்டும். எத்தனை துளைகள்! ஒவ்வொன்றிலும் ஒரு நரம்போ ரத்தக் குழாயோ போய்வருகிறது.

எல்லாவற்றிலும் பெரியது பிடரி எலும்பில் உள்ள பெருந்துளை. நீளம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர். மூளையின் அடிப்பகுதியான முகுளம் இதன் வழியே இறங்கித் தண்டுவடமாகத் தொடர்கிறது. நாலு காலில் நடக்கும் விலங்குகளுக்கு இந்தத் துளை மண்டையின் பின்புறம் இருக்கும். நமக்கோ நேர் அடியில். நிமிர்ந்து நடப்பவரின் தலை முதுகெலும்பின் மேல் நிற்க அதுவே தோதான இடம். 1924இல் தென்னாப்பிரிக்காவின் டாங் சுண்ணாம்புக் குவாரியில் கிடைத்த குழந்தை மண்டை ஓட்டைப் பார்த்த உடற்கூறியலாளர் ரேமண்ட் டார்ட், துளை முன்தள்ளி இருப்பதை வைத்தே ‘இது இரண்டு காலில் நடந்த உயிர்’ என்றார். அறிஞர் பலர் ஏற்க மறுத்தார்கள். அவர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஒரு துளையின் இடம் மனித வரலாற்றையே திருத்தியது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

மூக்கின் கூரையில் இருக்கும் எலும்புத்தட்டு சல்லடை போன்றது. வாசனை அறியும் நரம்பிழைகள் அதன் கண்கள் வழியே மூளைக்கு ஏறுகின்றன. தலையில் பலத்த அடி விழுந்தால் அந்த இழைகள் அறுந்து, மல்லிகையும் மணக்காமல் போகலாம்.

இன்னொரு துளைக்கு அகலம் சில மில்லிமீட்டர்தான். அதில் நுழையும் தமனி நெற்றிப்பொட்டுப் பக்கம், ஓடு மிக மெலிந்திருக்கும் இடத்தின் உட்புறமாக ஓடுகிறது. அங்கே அடிபட்டு எலும்பில் விரிசல் விட்டால் தமனி கிழிந்து, கசியும் ரத்தம் மூளையை அழுத்தும். அடிபட்டவர் எழுந்து நன்றாகப் பேசிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் நினைவிழக்கலாம். எனவே வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும், தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.