பின்னலைக் காட்டும் குறை எண்

இரண்டு குவாண்டம் துகள்கள் பின்னிப் பிணைந்திருக்கின்றனவா? மாணவர்களும் மடிக்கணினியில் சில பைத்தான் வரிகளால் இதைச் சோதிக்கலாம்.

எப்படி? இரு குவாண்டம் பிட்டுகளின் நிலையை 4×4 அடர்த்தி அணியாக எழுதுங்கள். அதை நான்கு 2×2 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நிரை நிரல் மாற்றுங்கள். கிடைக்கும் அணியின் ஐகன் மதிப்புகளில் ஒன்று குறை எண்ணானால் பின்னல் உறுதி. முழுமையாகப் பின்னிய பெல் நிலைக்கு ½, ½, ½, −½ என வரும். மிக நுண்ணிய குறை எண் மட்டும் வந்தால், அது கணினியின் தோராயப் பிழையாக இருக்கலாம்.

ஏன்? பின்னலற்ற நிலை தனித்தனி நிலைகளின் கலவை. கட்டங்களை மாற்றுவது இரு பிட்டுகளில் ஒன்றின் பாதியை மட்டும் நிரை நிரல் மாற்றுவதாகும்; பின்னலற்ற நிலையில் அப்படி மாற்றினாலும் முறையான நிலையே கிடைக்கும்; அதன் ஐகன் மதிப்புகள் நிகழ்தகவுகள், சுழிக்குக் கீழே இறங்கா.

1996இல் இயற்பியலாளர் ஆஷர் பெரஸ் இச்சோதனையை முன்வைத்தார். இரு பிட்டுகளுக்கு இது முழுமையான சோதனை என்று ஹொரோடெக்கி குடும்பத்தினர் நிறுவினர். 2000இல் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். சைமன், ஒளிக்கற்றை போன்ற தொடர்மாறி அமைப்புகளுக்கு இதை விரித்தார்.

ஒவ்வொன்றும் மூன்று நிலைகள் கொண்ட இரு துகள்கள் (3×3) முதலான பெரிய அமைப்புகளில் கவனம் தேவை: குறை எண் வந்தால் பின்னல் உண்டு, வராவிட்டால், இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.