கேமரா மாட்டினால் போதுமா? ரகசியச் சொல்லை மாற்றினீர்களா?

2016-ம் ஆண்டு அக்டோபர் 21-ந்தேதி காலை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் டுவிட்டர் திறக்கவில்லை. நெட்பிளிக்சும் வரவில்லை. 'டைன்' என்ற கம்பெனி மீது நடந்த தாக்குதல்தான் காரணம்.

இன்டர்நெட்டில் பெயரைச் சொன்னால் முகவரி எண்ணை எடுத்துச் சொல்வது அந்தக் கம்பெனியின் வேலை. நம் ரெயில் நிலைய விசாரணை கவுண்ட்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கே போகாத கூட்டம் வந்து கவுண்ட்டரை மறித்துக்கொண்டு கேள்வி கேட்டால், உண்மையான பயணி என்ன செய்வான்?

அப்படி வந்து நின்றவை வீடுகளிலும் கடைகளிலும் மாட்டியிருந்த கேமராக்கள், படம் பதிவு செய்யும் பெட்டிகள், ரூட்டர்கள்! கம்பெனியின் கணக்குப்படி 1 லட்சம் வரை.

அவற்றைப் பிடித்த புரோகிராமின் பெயர் 'மிராய்'. அது பூட்டை உடைக்கவில்லை. சாவி போட்டுத்தான் திறந்தது. கருவி கம்பெனியில் இருந்து வரும்போதே 'அட்மின்', '12345' என்று ஒரு பெயரும் ரகசியச் சொல்லும் இருக்கும். அப்படிப்பட்ட சுமார் 60 ஜோடிகளை வைத்துக்கொண்டு மிராய் வீடு வீடாகக் கதவைத் தட்டியது. கருவியை அணைத்துப் போட்டால் போய்விடும். சொல்லை மாற்றாவிட்டால் சில நிமிடங்களில் மறுபடி வந்துவிடும்.

இதைச் செய்தவர்கள் 3 வாலிபர்கள். ஒருவர் கல்லூரி மாணவர். 2017-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஜெயில் இல்லை, 2,500 மணி நேர சமூக சேவைதான் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே புரோகிராமை ஊரறிய வெளியிட்டுவிட்டார்கள். 'டைன்' மீது பாய்ந்தது வேறு கை.

தாராவியில் எனக்குத் தெரிந்த மாவுக்கடை அண்ணாச்சி, ஊரில் தனியாக இருக்கும் தாயாரைப் பார்க்க கேமரா மாட்டியிருக்கிறார். ரகசியச் சொல் 1 முதல் 6 வரை! மாட்டியவர் போட்டதாம். அம்மாவைப் பார்க்க வைத்த கண் வழியாக அடுத்தவன் பார்த்தால்?

2025-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந்தேதி முதல் நம் நாட்டில் சி.சி.டி.வி. கேமராக்கள் அரசின் பாதுகாப்பு சோதனையில் தேறினால்தான் விற்கலாம். நல்லதுதான். ஆனால் சுவரில் ஏற்கனவே தொங்கும் கேமராவை யார் சோதிப்பது?

மாட்டியவர் போன பிறகு சொல்லை நீங்களே மாற்றுங்கள். மாற்ற வழியே இல்லாத கேமராக்களும் உண்டு. 2016-ல் ஒரு சீன கம்பெனி அமெரிக்காவில் சில கேமராக்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அப்படிப்பட்டது உங்களிடம் இருந்தால் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிடுங்கள். பதிவு மட்டும் ஓடட்டும்.